தகர டப்பாவில் இருந்து கம்ப்யூட்டருக்கு: வீட்டுச் சேகரிப்புக்கு ஒரு பட்டியல்

அலுவலகத்தில் மாலை நான்கு மணி டீ நேரத்தில் பெரும்பாலும் இரண்டு பேச்சுதான். ஒன்று, வீட்டு வாடகை. மற்றொன்று, சனி ஞாயிறு என்ன செய்வது. ஒரு நாள் இரண்டும் சேர்ந்துவிட்டன. எங்கள் குழுவில் ஒருவர் வெளிநாட்டு நாணயங்கள் சேர்க்கிறார். இன்னொருவர் பேருந்து டிக்கெட், ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துகிறார். "சேர்க்க ஆசைதான், வைக்க எங்கே இடம்?" என்பதுதான் இருவருக்கும் ஒரே கவலை. சென்னையில் ஒரு படுக்கையறை வீட்டில் துணி அலமாரிக்கே இடம் போதவில்லை என்றால் ஆல்பத்துக்கு எங்கே போவது?

நான் பெருமையாக, "நாகர்கோவிலில் எங்கள் பெரியப்பாவிடம் திருவிதாங்கூர் சக்கரம் எல்லாம் இருக்கிறது" என்றேன். நாணய நண்பர் உடனே, "ஒரே மாதிரி இரண்டு இருந்தால் எனக்கு ஒன்று கொண்டு வா" என்றார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தச் சேகரிப்பு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். இட நெருக்கடிக்கு அதுதான் வழி என்று அப்போது நினைத்தேன். நான்கு நாள் வேலையில் சிலவற்றைச் சரியாகச் செய்தேன். ஒன்றைத் தவறாகச் செய்தேன். இரண்டையுமே இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பது நாணயமோ, தபால்தலையோ, தீப்பெட்டி அட்டையோ, பழைய கல்யாணப் பத்திரிகையோ, முறை ஒன்றுதான்.

டப்பாவில் என்ன இருந்தது?

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1949 ஜூலை 1-க்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானம். எனவே எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வீடுகளில் பெட்டியைத் திறந்தால் மற்ற மாவட்டங்களில் பார்க்க முடியாத பொருள்கள் கிடைக்கும்.

சமஸ்தானத்துக்குத் தனி நாணயக் கணக்கு இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம். பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. கையால் எண்ண முடியாது என்பதால் வரிசையாகக் குழி வெட்டிய 'சக்கரப் பலகை' ஒன்றை வைத்திருந்தார்கள். காசுகளைப் பலகையில் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். பலகை நிறைந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

தபாலும் அப்படித்தான். சமஸ்தானத்தின் தபால் துறைக்கு 'அஞ்சல்' என்றே பெயர். அஞ்சலோட்டக்காரன் மணி கட்டிய ஈட்டியோடு ஓடுவான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சங்கு முத்திரை போட்ட முதல் தபால்தலைகள் 1888 அக்டோபர் 16 அன்று 1, 2, 4 சக்கர மதிப்புகளில் வந்தன. 1939-ல் மன்னர் பாலராம வர்மாவின் பிறந்தநாளுக்கு வெளியான வரிசையில் 7 சக்கரத் தலையில் கன்னியாகுமரி முனையும் 14 சக்கரத் தலையில் பேச்சிப்பாறை நீர்த்தேக்கமும் இருக்கின்றன. நாம் குளிக்கப் போன கடலும், நம் வயலுக்குத் தண்ணீர் தந்த அணையும் தபால்தலையில்! அஞ்சல் துறை 1951-ல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது.

பெரியப்பாவின் டப்பாவில் இந்த இரண்டு வகையும் கலந்து 112 உருப்படிகள். ஒவ்வொன்றும் சிறு காகித உறையில், உறை மேல் ஓர் எண். எண்ணுக்கு உரிய விவரம் ஒரு கோடு போட்ட நோட்டில். அந்த நோட்டின் பாதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

முதல் வேலை: எதையும் பிரிக்காதீர்கள்

நான் செய்த தவறு இங்கேதான். எனவே இதை முதலில் சொல்கிறேன். உறையில் இருந்து பொருளை எடுப்பதற்கு முன், உறையும் பொருளும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறை கிழிந்திருந்தாலும், எழுத்து மங்கியிருந்தாலும் படம் எடுங்கள். ஒரு பொருளை முடித்து, அதை உறைக்குள் திரும்பப் போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டும்.

நான் என்ன செய்தேன்? ஒரே மாதிரி ஆறு செம்புச் சக்கரங்கள் இருந்தன. ஒரு பக்கம் மன்னரின் முகம், மறுபக்கம் சங்கு. ஆறும் ஒன்றுதானே என்று ஆறையும் உறையில் இருந்து எடுத்து ஒரே தட்டில் பரப்பிப் படம் எடுத்தேன். வேலை வேகமாக முடிந்தது. ஐந்தை 'டூப்ளிகேட்' என்று தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டேன். நண்பருக்கு ஒன்று கொடுத்துவிடலாம் என்று கணக்கு. அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

படம் எடுப்பது எப்படி?

தபால்தலை, டிக்கெட், கடிதம் போன்ற தட்டையான பொருளுக்கு ஸ்கேனர் நல்லது. எவ்வளவு டி.பி.ஐ. வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 2 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரம் உள்ள தபால்தலையை 300 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்தால் 236 x 295 பிக்சல்தான் கிடைக்கும். திரையில் ஒரு மூலையில் நிற்கும். 600-ல் 472 x 591. 1200-ல் 945 x 1181. பல்வரிசையும் முத்திரை எழுத்தும் தெளிவாகத் தெரிய 1200 வேண்டும்.

அதற்காக முழு ஏ4 பரப்பையும் 1200-ல் ஸ்கேன் செய்யாதீர்கள். ஒரு ஏ4 பக்கம் 300 டி.பி.ஐ. வண்ணத்தில், சுருக்காமல், சுமார் 26 எம்.பி. டி.பி.ஐ. இரட்டிப்பானால் அளவு நான்கு மடங்காகும். 1200-ல் 400 எம்.பி.-யைத் தாண்டிவிடும். பிரிவியூ பார்த்து, தபால்தலை இருக்கும் பகுதியை மட்டும் மவுசால் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்யுங்கள். தலைக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் பல்வரிசை நன்றாகத் தெரியும்.

மூலப் படத்தை டிப் அல்லது பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள். ஜேபெக் படத்தைத் திறந்து திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும். நண்பர்களுக்கு அனுப்ப மட்டும் ஜேபெக் பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாணயத்துக்கு ஸ்கேனர் அவ்வளவாக உதவாது. இன்று கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சி.ஐ.எஸ். வகை. கண்ணாடியில் ஒட்டி இருக்கும் பகுதி மட்டும் தெளிவாக விழும். கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தால் மங்கிவிடும். மேலும் ஸ்கேனர் விளக்கு நேராக அடிப்பதால் தேய்ந்த எழுத்தின் நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் எழுத்தைப் படிக்க முடியாது. எனவே நாணயத்துக்கு செல்போன் கேமராதான் சரி. நான் செய்த முறை இதுதான்:

1. மேஜையில் சாம்பல் நிறக் காகிதம் விரித்து அதில் நாணயத்தை வைத்தேன். பக்கத்தில் ஒரு ஸ்கேல். பின்னால் அளவு தெரிய இது உதவும்.

2. இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே போனை வைத்தேன். தனி ஸ்டாண்டு வாங்கவில்லை.

3. பிளாஷை அணைத்தேன். மேஜை விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தேன். வெள்ளி நாணயம் கண்ணைக் கூசும்படி மின்னினால் விளக்குக்கு முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் போதும்.

4. போனை நாணயத்துக்கு மிக அருகே கொண்டு போகாமல், சற்றுத் தள்ளி வைத்து 2 மடங்கு சூம் செய்தேன். அருகே போனால் போனின் நிழலே நாணயத்தின் மேல் விழுகிறது.

5. 3 வினாடி டைமர் வைத்தேன். பட்டனைத் தொடும்போது ஏற்படும் ஆட்டம் படத்தில் வராது.

படம் அழகாக வரவேண்டும் என்று நாணயத்தைப் புளி, விபூதி, பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மேல் பரப்பே போய்விடும். திரும்ப வராது.

பைலுக்குப் பெயர் வைப்பது

போன் தானாக வைக்கும் பெயரை அப்படியே விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்று தெரியாது. உறையில் உள்ள எண்ணையே பைல் பெயராக்குங்கள். 7 என்று எழுதாமல் 007 என்று எழுதவேண்டும். இல்லையென்றால் சில புரோகிராம்களில் 1-க்குப் பிறகு 10, 100 வந்து அதன் பிறகுதான் 2 வரும். எண்ணுக்குப் பின் பக்கத்தின் பெயர்: 047-முன், 047-பின், 047-உறை. பைல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். இன்றைய விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் சிக்கல் இல்லை.

எக்செல் வைக்கும் மூன்று பொறிகள்

பட்டியலுக்கு எக்செல் போதும். காசு கொடுத்து வாங்க விருப்பமில்லை என்றால் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. நான் வைத்த காலங்கள் இவை: எண், வகை, அரசு, மதிப்பு, பொறித்த ஆண்டு, ஆங்கில ஆண்டு, உலோகம், எடை, விட்டம், எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, பட பைல். எடைக்குச் சமையலறைத் தராசு உதவாது. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும்.

இனி பொறிகள்.

பொறி 1: அரை ரூபாய் நாணயத்துக்கு மதிப்பு காலத்தில் 1/2 என்று டைப் செய்து என்டர் தட்டினேன். எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிட்டது! டைப் செய்வதற்கு முன்பே அந்தக் காலம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, பார்மட் செல்ஸ் போய் 'டெக்ஸ்ட்' என்று வைத்துவிடுங்கள். மாறிய பிறகு டெக்ஸ்ட் என்று வைத்தால் தேதிக்குப் பின்னால் உள்ள ஏதோ ஐந்து இலக்க எண் வந்து நிற்கும்.

பொறி 2: எக்செலுக்கு 1900 ஜனவரி 1-க்கு முன்னால் காலமே கிடையாது. 16-10-1888 என்று டைப் செய்தால் அதை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் குழப்பும். கால்க் 1900-க்கு முந்தைய தேதிகளையும் ஏற்கும். எக்செல்தான் வேண்டும் என்றால் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று காலங்களாகப் பிரித்து எண்ணாக எழுதிவிடுங்கள்.

பொறி 3 எங்கள் ஊருக்கே உரியது. திருவிதாங்கூர் நாணயங்கள் பலவற்றில் ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். 1116 என்று பார்த்தவுடன் சோழர் காலத்து நாணயம் என்று துள்ளிக் குதிக்கவேண்டாம். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் மாத நடுவில் பிறக்கிறது. அதோடு 824 கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். 825 கூட்டினால் முடிந்த ஆண்டு வரும். எனவே 1116 என்பது 1940-41. நாணயத்தில் மாதம் இல்லாததால் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஆகவே 'பொறித்த ஆண்டு' என்று ஒரு காலமும், அதில் இருந்து பார்முலாவில் கூட்டி வரும் 'தொடக்கம்', 'முடிவு' என்று இரண்டு காலங்களும் வைத்தேன். நாணயத்தில் உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். நம் கணக்கைப் பக்கத்தில் எழுதவேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது.

அதே போல மதிப்பு காலத்தில் '1 ரூபாய்' என்று மட்டும் எழுதினால் அது 28 சக்கர ரூபாயா, 28½ சக்கர ரூபாயா என்று தெரியாது. அரசின் பெயருக்குத் தனிக் காலம் வைத்தது அதற்காகத்தான்.

சி.டி.யில் இருந்த மர்ம எழுத்து

நோட்டில் பாதியைப் பூச்சி தின்றதால் 'எங்கிருந்து வந்தது' காலம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. மூன்றாம் நாள் இரவு பெரியப்பா, "மக்கா, இதை ஒருக்கா கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்சிருந்தேன். ஒரு சி.டி. உண்டு" என்றார். 2004-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் நோட்டைக் கொடுத்து டைப் செய்து வாங்கி வைத்திருக்கிறார்! சி.டி. அலமாரியில் ஜாதகக் கட்டுக்கு அடியில் கிடந்தது.

என் லேப்டாப்பில் சி.டி. டிரைவ் கிடையாது. பக்கத்துத் தெரு நண்பரிடம் யு.எஸ்.பி. டிவிடி டிரைவ் கடன் வாங்கினேன். சி.டி. ஓடியது. உள்ளே ஒரே ஒரு டாக் பைல். திறந்தால் ஒரு வரி கூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. இடையிடையே எண்கள் மட்டும் சரியாகத் தெரிந்தன.

இது உங்களுக்கும் நடக்கலாம் என்பதால் காரணத்தைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் தமிழ் பான்ட் என்பது ஒரு தந்திரம். கம்ப்யூட்டர் உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கும். பான்ட் அதைத் தமிழ் வடிவத்தில் வரைந்து காட்டும். பான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரிசை வைத்திருந்தது. இதைச் சீராக்கத்தான் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற தரங்கள் பிறந்தன. டிஸ்கி என்ற தரமும் புழக்கத்தில் இருந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது.

எந்த பான்ட் என்று கண்டுபிடிப்பது எளிது. குப்பை எழுத்தின் மேல் கிளிக் செய்து, மேலே பான்ட் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். பான்ட் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். எனக்குப் 'பாமினி' என்று வந்தது.

பாமினியில் 'அம்மை' என்ற சொல் எப்படி இருக்கும் தெரியுமா? ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, ஐ, கே என்று ஐந்து விசைகள். எம் என்பது 'அ'. கே என்பது 'ம'. அரைப்புள்ளி என்பது மேலே வைக்கும் புள்ளி. ஐ என்பது இணைக்கொம்பு. அதன் பின் இன்னொரு 'ம'. இணைக்கொம்பு 'ம'வுக்கு முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பதுதான் பழைய முறை. யூனிகோடில் முதலில் 'ம', அதன் பிறகுதான் கொம்பு. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். இந்த இரண்டையும் செய்வதுதான் எழுத்துரு மாற்றிகளின் வேலை. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றவை இதற்காகவே உருவானவை. குப்பை எழுத்தை அப்படியே காப்பி செய்து, பாமினி என்று தேர்ந்தெடுத்து, மாற்று என்று சொன்னால் வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: மூலத்தில் உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதிய சொற்கள் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஒரு நிமிடத்தில் 112 வரிகளும் தமிழில் வந்துவிட்டன. மூன்று நாளாகக் காலியாக இருந்த காலம் நிறையத் தொடங்கியது. கோட்டாறு கடையில் மீதிச் சில்லறையாக வந்தது, சுசீந்திரம் தேரோட்டத்தன்று கிடைத்தது, ஒரு பழைய கடிதத்தில் இருந்து பிரித்த தபால்தலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர், ஒரு நாள். 47-ம் வரிக்கு வந்தேன்.

"ஒரு சக்கரம், செம்பு. அம்மை வெற்றிலைப் பெட்டியில் கிடந்தது. இனி செல்லாது என்று விளையாடத் தந்தாள். முதல் காசு."

பெரியப்பா சேர்க்கத் தொடங்கியதே அந்தக் காசில் இருந்துதான். அது நான் தட்டில் கொட்டிக் கலந்த ஆறில் ஒன்று. 45 முதல் 50 வரை ஆறு உறைகளும் என் கையில் இருந்தன. எந்த உறையில் எந்தக் காசு இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. எடை போட்டுப் பார்த்தேன். பட்டியலில் எடை இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒப்பிடுவதற்கு முந்தைய படம் எதுவும் இல்லை.

பெரியப்பாவிடம் சொன்னேன். ஆறையும் உள்ளங்கையில் வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கண்புரை அறுவை செய்த கண். அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆறும் இருக்கட்டும் மக்கா. இதுல ஒண்ணு அம்மைக்க காசுதானே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆறையும் ஒரே உறையில் போட்டு '45-50' என்று எழுதினேன். பட்டியலில் அந்த ஆறு வரிகளிலும் கலந்தது என் தவறு என்றும் எழுதி வைத்தேன். நண்பருக்குச் சக்கரம் கொண்டு போகவில்லை.

பேச்சையும் சேமியுங்கள்

நான்காம் நாள் வேலை முறையையே மாற்றினேன். போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, "நம்பர் 12" என்று நான் சொல்வேன். பெரியப்பா அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்ததைச் சொல்வார். ஒரு பொருளுக்கு ஒரு பைல். பைல் பெயர் '012-பேச்சு'. பட்டியலில் 'யார் சொன்னது' காலம் இருக்கிறதல்லவா? அங்கே பெயரும் தேதியும்.

தமிழில் குரல் டைப்பிங் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. ஆனால் நாஞ்சில் பேச்சு அதற்கு அவ்வளவாகப் புரியவில்லை. 'அம்மைக்க' என்றால் வேறு ஏதோ எழுதுகிறது. எனவே எழுத்தாக்கிய பிறகும் ஒலிப் பைலை அழிக்காதீர்கள். அச்சில் வராத பலதும் குரலில் இருக்கும்.

மூன்று பிரதி, இரண்டு ஊர்

பேக்கப்புக்கு எளிய விதி 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். 'வேறு ஊர்' ஏன் என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2017 நவம்பர் 30 அன்று குமரி மாவட்டத்தில் ஒக்கிப் புயல். மரமும் மின்கம்பமும் சாய்ந்து பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நாளில் வரவில்லை. பெரியப்பா வீட்டில் ஒரு பென் டிரைவ், என் சென்னை வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், ஆன்லைன் டிரைவில் ஒன்று என்று வைத்துவிட்டேன்.

பட்டியலை எக்செல் பைலாக மட்டும் வைக்காமல் 'சி.எஸ்.வி. யு.டி.எப்-8' வடிவிலும் ஒரு பிரதி சேமியுங்கள். அது வெறும் யூனிகோடு எழுத்து. எந்த புரோகிராமும் திறக்கும். வெறும் 'சி.எஸ்.வி.' என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் கேள்விக்குறியாகிவிடும், கவனம். கடைசியாக ஒரு பிரின்ட் எடுத்து டப்பாவிலேயே போடுங்கள். ஈரத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் கூட. எங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு.

மூன்று எச்சரிக்கைகள்

1. வெளியே பகிரப்போகும் படங்களை எடுக்கும் முன்பே போன் கேமராவில் லொகேஷன் வசதியை அணையுங்கள். இல்லையென்றால் சேகரிப்பு எந்த வீட்டில் இருக்கிறது என்பது படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும்.

2. "பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள்" என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறார்கள். தான் இப்படிப்பட்ட வியாபாரம் எதிலும் ஈடுபடவில்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஓ.டி.பி., முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

3. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கேட்டால் உடனே பையில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே கொண்டு போக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் இப்போது படங்களும் குரலும் அடங்கிய போல்டரை வைத்திருக்கிறான். பேரப்பிள்ளைகள் பேச்சு பைல்களைத்தான் முதலில் கேட்டார்களாம்.

சென்னை திரும்பியதும் நாணய நண்பர், "சக்கரம் எங்கே?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன்னிடம் உள்ள நாணயங்களில் அவருடைய அப்பா கப்பலில் இருந்தபோது அனுப்பியவை எவை, தானே கடையில் வாங்கியவை எவை என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அப்பா ஊரில்தான் இருக்கிறார். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டார்.

இடம் போதாத வீட்டில் கம்ப்யூட்டர் இடத்தை மிச்சப்படுத்தும் என்று நினைத்துத்தான் நான் தொடங்கினேன். இப்போது டப்பாவும் இருக்கிறது, போல்டரும் இருக்கிறது. இடம் ஒன்றும் மிச்சமாகவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். அதைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இருப்பார். ஸ்கேனர் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதல் படம் உறையோடு இருக்கட்டும்.